ஊன்றுகோலின் இறப்பர் புஷ் ஏன் எப்போதும் ஒரே பக்கத்தில் பிளக்கிறது?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்க நாற்பத்தொரு கல்லுப்படிகள் இருக்கின்றன. எண்ணியவன் நானல்ல, என் மாமா. வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஊன்றுகோலோடு இறங்குகிற ஒருவருக்குப் படிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, எந்தப் படி ஆடும், எந்தப் படியில் பாசி என்பதும் மனப்பாடம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், பதினேழாவது படியில், அவருடைய ஊன்றுகோலின் நுனியில் மாட்டியிருந்த இறப்பர் புஷ் பிளந்தது. அலுமினியக் குழாய் நேரே கல்லில் பட்டு வழுக்கியது. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. ஒரு காலும் ஒரு கையும் இல்லாமல் ஒன்றரை மாதம் காம்பராவுக்குள்ளேயே கிடந்தார்.

"நான்தான் ரொம்ப அழுத்தி ஊன்டிட்டேன் போல, மருமகன். என் பாரம் அது தாங்கல" என்றார்.

நான் அந்தப் புஷ்ஷை வாங்கிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து அடிவரை அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேர்கோட்டில் ஒரு பிளவு. அதற்குச் சரியாக எதிர்ப்பக்கத்தில், கடுகளவு ஒரு வெட்டுத் தழும்பு. பன்னிரண்டு வருடமாகக் கீழ்நாட்டில் ஒரு தொழிற்சாலையில் இறப்பர் உதிரிப்பாகங்கள் வார்க்கும் மெசினில் நிற்கிறவன் நான். அந்தத் தழும்பும் அந்தக் கோடும் எதிரெதிரே இருப்பதைக் கண்டதுமே காரணம் விளங்கியது. மாமாவின் பாரத்துக்கும் அந்தப் பிளவுக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. அந்தப் புஷ் வார்க்கப்பட்ட அன்றைக்கே அந்த இடத்தில் பாதி பிளந்துதான் பிறந்திருக்கிறது.

மாமாவிடம் ஒரு பிஸ்கட் தகரடப்பா இருக்கிறது. பழைய புஷ்களை எறியாமல் அதில் போட்டு வைத்திருந்தார். கொட்டிப் பார்த்தோம். நான்கு இருந்தன. ஒன்று மட்டும் அடித் தேய்ந்து ஓட்டை விழுந்தது. மற்ற மூன்றும் ஒரே மாதிரி, தழும்புக்கு எதிரே, நேர்கோட்டில் பிளந்தவை.

இந்தத் தளத்தை வாசிப்பவர்களில் பலருடைய வீட்டில் ஓர் ஊன்றுகோலோ செயற்கைக் காலோ இருக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போன குடும்பங்களில் எங்கள் மாமாவின் குடும்பமும் ஒன்று. கடைசி யுத்தத்தில் மிதிவெடியில் காலை இழந்து, முகாமிலிருந்து வெளியே வந்தபின் அக்காவின் காம்பராவுக்கே, அதாவது எங்கள் வீட்டுக்கே, திரும்பி வந்தார். அவரைப் போல மலைக்குத் திரும்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வன்னியின் மணல் தரையில் நடக்கப் பழகிய ஊன்றுகோலை இங்கே சரிவிலும் படியிலும் ஊன்ற வேண்டியிருக்கிறது. அதன் நுனியில் இருக்கும் இந்தச் சின்ன இறப்பர் துண்டைப் பற்றித் தமிழில் எழுதி நான் எங்கும் கண்டதில்லை. தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் இடம்

புஷ் ஒரு சின்னக் கிண்ணம் போன்றது. அதை வார்க்கும் அச்சுக்குள் வெளியே ஒரு குழியும், குழியின் நடுவே குழாயின் பருமனுக்கு ஓர் இரும்பு முளையும் இருக்கும். முளைக்கும் குழிச் சுவருக்கும் இடையிலுள்ள வெற்றிடந்தான் புஷ்ஷாக மாறுகிறது. சூடாக்கி இளகவைத்த இறப்பர் கலவையை மெசின் மிகுந்த அழுத்தத்தோடு ஒரு சிறு துளை வழியாக உள்ளே தள்ளும். அந்தத் துளையை நாங்கள் 'கேட்' என்போம். வார்த்து முடிந்தபின் அதில் ஒட்டியிருக்கும் வாலை வெட்டிவிடுவதால் வருவதுதான் அந்தக் கடுகளவுத் தழும்பு.

கேட் பக்கவாட்டில் இருந்தால், உள்ளே வரும் இறப்பர் நடுவிலுள்ள முளையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை இடமாகவும் மற்றது வலமாகவும் சுற்றிப் போய், எதிர்ப்பக்கத்தில் இரண்டும் முகத்தோடு முகம் சந்திக்கின்றன. சந்திக்கும் அந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும. தொழிற்சாலையில் அதற்கு 'வெல்ட் லைன்' என்று பெயர். நான் இங்கே ஒட்டுக்கோடு என்றே எழுதுகிறேன்.

ஆற்றின் நடுவே பாறை இருந்தால் தண்ணீர் பிரிந்து மறுபடி சேர்கிறது, அதில் கோடு எங்கே என்று கேட்கலாம். இறப்பர் தண்ணீர் இல்லை. தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கரண்டி மா ஊற்றினால், ஈரமாக இருக்கும்போதே இரண்டின் ஓரமும் தொட்டுக்கொண்டால் ஒரே தோசையாகிவிடும். ஓரம் வெந்து இறுகியபிறகு தொட்டால் ஒட்டியது போலத் தெரியும். எடுக்கும்போது அந்த இடத்தில்தான் பிய்யும். இறப்பரிலும் நடப்பது இதுதான். இரண்டு முகமும் இன்னும் இளகிய நிலையில் சந்தித்தால், நீளநீளமான இறப்பர் மூலக்கூறுகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். அதன்பிறகு கந்தகம் அவற்றைக் குறுக்கே பிணைத்து இறுக்கும். அப்படி அமைந்த ஒட்டுக்கோடு மற்ற இடத்துக்குச் சமமான பலத்தோடு நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. சந்திக்கும் முன்பே முகங்கள் வேகத் தொடங்கியிருந்தால், மூலக்கூறுகள் அவரவர் பக்கத்திலேயே பிணைபட்டு விடுகின்றன. குறுக்கே போக ஆளில்லை.

ஊன்றுகோல் புஷ்ஷில் இது விசேடமாகக் கெட்டது. புஷ்ஷின் உள்விட்டம் குழாயின் விட்டத்தை விடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் கழன்று விழும். ஆகவே குழாயில் மாட்டிய நிமிடத்திலிருந்து அதன் சுவர் சுற்றிவர இழுபட்டபடியே இருக்கிறது. அந்த இழுவை ஒட்டுக்கோட்டுக்குச் சரியாகக் குறுக்கே வேலை செய்கிறது. யாரும் ஊன்றாமல் சுவரில் சாத்தி வைத்திருக்கும் இரவிலும் அந்தக் கோட்டை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதோடு, இழுபட்ட நிலையில் இருக்கும் இயற்கை இறப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் மெல்ல மெல்ல வெடிக்க வைக்கும். வெடிப்பு எப்போதும் பலவீனமான இடத்தைத் தேடும்.

சூட்டைக் கூட்டினால் நல்லதா?

பிளாஸ்டிக் வாளி, கதிரை வார்ப்பவர்களுக்கும் ஒட்டுக்கோடு தொல்லைதான். ஆனால் அவர்களுக்குரிய வைத்தியம் எங்களுக்கு நஞ்சு. பிளாஸ்டிக்கை உருக்கிச் சூடாக அச்சுக்குள் விடுவார்கள்; அச்சு குளிர்ச்சியாக இருக்கும். ஓட்டத்தின் முகம் ஆறி உறைவதால்தான் அங்கே ஒட்டு பலமிழக்கிறது. அச்சின் சூட்டைக் கூட்டினால் ஒட்டு பலப்படும். இறப்பரில் தலைகீழ். கலவை மெசினின் பீப்பாய்க்குள் சாதாரணமாக 70 முதல் 90 பாகை சூட்டில்தான் இருக்கும். அச்சு 160 முதல் 180 பாகை வரை கொதிக்கும். முகம் ஆறுவதில்லை, வேகிறது. சூட்டைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் வேகும். பிளாஸ்டிக் பக்கத்திலிருந்து வந்த ஒரு மேற்பார்வையாளர் எங்களுக்கு இதைத் தலைகீழாகவே சொல்லித்தந்தார். அவரைக் குறை சொல்லி என்ன, அவர் படித்தது அது.

எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. 10 பாகை கூடினால் வேகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். ஒரு நேரப் பணியில் எத்தனை துண்டு என்று பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேனாக இனிக்கும். நானே செய்திருக்கிறேன். வேறு ஒரு பொருள், தண்ணீர்க் குழாய்களுக்கான வளையம். ஓடர் அவசரம் என்று 165இல் இருந்த அச்சை 178க்கு ஏற்றச் சொன்னார்கள். குமிழைத் திருப்பிய கை என்னுடையது. எண்ணிக்கை கூடியது. வளையங்கள் பார்வைக்குப் பளபளவென்று இருந்தன. சில மாதங்களில் திரும்பி வந்தவை எல்லாம் ஒரே இடத்தில் வெடித்திருந்தன. வளையம் வெடித்தால் தண்ணீர் கசியும். புஷ் வெடித்தால் என்ன நடக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கலவை எவ்வளவு நேரம் வேகாமல் தாக்குப்பிடிக்கும் என்பதை அளக்க ஒரு முறை இருக்கிறது. மூனி என்ற கருவியில் வழக்கமாக 120 பாகையில் வைத்து, கலவையின் இறுக்கம் ஐந்து அலகு கூட எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த நேரத்துக்குள் கலவை பீப்பாயிலிருந்து கிளம்பி, துளைக்குள் நெருக்கிப் புகுந்து, அச்சைச் சுற்றி, எதிர்ப்பக்கத்தில் சந்தித்து அழுத்தப்பட்டுவிட வேண்டும். துளைக்குள் நெருக்குப்படும்போது உரசலாலேயே சூடு இன்னும் ஏறும் என்பதையும் இதில் சேர்க்க வேண்டும். மெதுவாகத் தள்ளினால் வழியிலேயே வேகும். கண்மண் தெரியாத வேகத்தில் தள்ளினால் உரசல் சூடு கூடும், காற்றும் உள்ளே சிக்கும். நடுவே ஒரு சரியான வேகம் இருக்கிறது. ஒவ்வோர் அச்சுக்கும் கலவைக்கும் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேத்தண்ணி இடைவேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெசினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் போய்வந்தால், முனைக்குள் நின்ற கலவை அந்தப் பத்து நிமிடமும் சூட்டில் இருந்திருக்கும். திரும்பி வந்து வார்க்கும் முதல் இரண்டு மூன்று சுற்றுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது ஒழுங்கு. இரவுப் பணியில், எண்ணிக்கை பிந்தியிருக்கும் நாளில், அதை எல்லோரும் ஒதுக்குவார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரே பெட்டியில் வாங்கிய புஷ்களில் ஒன்று மூன்று வருடம் உழைக்க, இன்னொன்று மூன்று மாதத்தில் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலவைக்குள் இருப்பவை

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் இறங்கும்போது கினிகத்தேனையைத் தாண்டியதும் குளிர் விடும். கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று போகப்போகத் தேயிலை மறைந்து இறப்பர் மரங்கள் வரும். அங்கேயும் பால் வெட்டுபவர்களில் எங்கள் ஆட்கள் உண்டு. கொழுந்துக் கூடைக்குப் பதிலாகப் பால்வாளி. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹேனரத்கொடையில் நடப்பட்டன. இலங்கை இறப்பரின் தொடக்கம் அது.

அந்த மரத்தின் பாலிலிருந்து வரும் இயற்கை இறப்பருக்கு ஒட்டுக்கோட்டு விடயத்தில் ஒரு பெரிய நற்குணம் இருக்கிறது. வேகாத இயற்கை இறப்பரின் இரண்டு துண்டுகளை அழுத்தினால் தானாகவே ஒட்டிக்கொள்ளும்; பிரிப்பதும் சிரமம். கார்க் கண்ணாடி ஓரங்களுக்குப் பயன்படும் ஈபிடிஎம் போன்ற செயற்கை இறப்பர்களுக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. ஆகவே நல்ல இயற்கை இறப்பரில் வார்த்த புஷ் நன்றாக ஒட்டியிருக்க நியாயம் உண்டு.

பிரச்சினை, புஷ்ஷுக்குள் எவ்வளவு இறப்பர் இருக்கிறது என்பதில் தொடங்குகிறது. மலிவாக்குவதற்குச் சுண்ணாம்புத் தூளும் களிமண் தூளும் அள்ளிப் போடலாம். பழைய டயரை அரைத்து மீட்டெடுத்த இறப்பரையும் கலக்கலாம். தரையில் கறை படாமலிருக்கச் சாம்பல் நிறத்தில் செய்யும் புஷ்களில் கரிக்குப் பதிலாக வெள்ளைத் தூள்கள்தான் போகும். அதில் சிலிக்காவைச் சரியாகச் சேர்த்தால் தரம் நன்றாகவே வரும். நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் களிமண் தூளின் துகள்கள் தட்டையானவை. ஓட்டத்தின் முகத்தில் அவை ஒட்டுக்கோட்டுக்குச் சமாந்தரமாகச் சீட்டுக்கட்டு போலப் படுத்துக்கொள்கின்றன. இரண்டு பக்கத்துச் சீட்டுகளும் முதுகைக் காட்டிச் சந்தித்தால் இறப்பரும் இறப்பரும் தொட இடமில்லை.

வேகவைக்கும் மருந்துகளின் தெரிவும் முக்கியம். சி.பி.எஸ். போன்ற மருந்துகள் சற்றுப் பொறுத்துத் தொடங்கிப் பிறகு விரைவாக வேலை செய்யும். ஓட்டம் சந்திக்க அவகாசம் கிடைக்கும். டி.எம்.டி.டி. போன்றவை தொட்டவுடன் தொடங்கும். வேகத்துக்காக இதைக் கூட்டிப் போட்டால் ஒட்டுக்கோடு பலியாகும். தேவையானால் பி.வி.ஐ. என்ற தாமதப்படுத்தியைச் சிறிதளவு சேர்க்கலாம். கலவையைக் கலக்கியபின் எத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள் என்பதும் கணக்கில் வரும். கீழ்நாட்டுத் தகரக் கூரைக்குக் கீழே வாரக்கணக்கில் கிடக்கும் கலவை கண்ணுக்குத் தெரியாமல் வெந்துகொண்டே இருக்கிறது.

கடைசியாக அழுக்கு. ரொட்டிக்கு மா பிசைந்து, உலர்ந்த மா தூவிய இரண்டு உருண்டைகளைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள்; சேராது. அச்சில் ஒட்டாமலிருக்க அடிக்கும் சிலிக்கன் ஸ்ப்ரே அந்தத் தூவிய மா போலத்தான். முன்னே போகும் இறப்பர் அதை வழித்துக்கொண்டே போய், சரியாக ஒட்டுக்கோட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கலவையின் மேலே பூக்கும் கந்தகமும் மெழுகும் இதையே செய்யும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் பாடம், ஸ்ப்ரேயைக் குறை.

அச்சைத் திருத்துவது

இவ்வளவு கவனத்தையும் பாதி தேவையற்றதாக்கிவிட ஒரு வழி இருக்கிறது. கேட்டைப் பக்கவாட்டில் வைக்காமல் அடிப்பாகத்தின் நடுவில் வைப்பது. அப்போது இறப்பர் அடியில் நுழைந்து, முளையைச் சுற்றிலும் ஒரே சீராகக் குடை விரிவது போல மேலேறும். இரண்டு ஓட்டம் இல்லை, ஆகவே சுவரில் ஒட்டுக்கோடும் இல்லை. இப்படிப்பட்ட அச்சைச் செய்யச் செலவு கூட, ஒரு அச்சில் அடங்கும் எண்ணிக்கையும் குறையலாம். பக்கக் கேட் வைத்த அச்சு மலிவு. படியில் விழுகிறவர் அந்த மிச்சக் கணக்கில் வருவதில்லை.

பக்கக் கேட்டை மாற்ற முடியாவிட்டால், ஓட்டங்கள் சந்திக்கும் இடத்தில் அச்சில் ஒரு சிறு வழிந்தோடும் குழி வெட்டலாம். முதலில் வந்த, வெந்து அழுக்கான முகம் அந்தக் குழிக்குள் போய்விட, பின்னால் வரும் புதிய இறப்பர் ஒன்றோடொன்று சேரும். அங்கேயே தலைமுடியை விட மெல்லிய இடுக்கு ஒன்றை விட்டால் சிக்கிய காற்றும் வெளியேறும். காற்று போக வழியில்லாத அச்சில் ஒட்டுக்கோட்டில் ஊசிமுனைக் குழிகள் விழும். அடியில் இரும்பு வாஷர் பதித்த புஷ்கள் இருக்கின்றன. குழாயின் விளிம்பு அடியை வெட்டிக்கொண்டு வராமல் அது காக்கும், அதனால் நல்லது. ஆனால் வாஷரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதைச் சுற்றி இன்னொரு பலவீனமான ஒட்டு உண்டாகும்.

பழைய முறையான அழுத்தி வார்த்தலில், அளவாக வெட்டிய இறப்பர்த் துண்டை அச்சின் அடியில் வைத்து மேலிருந்து அழுத்துவார்கள். மெதுவான வேலை, ஓரத்தில் வழிந்ததைக் கையால் வெட்ட வேண்டும். ஆனால் ஓட்டம் பிரிவதில்லை. மாமாவின் டப்பாவில் அடித் தேய்ந்து ஓட்டையான அந்த ஒரே ஒரு புஷ் அப்படி வார்த்தது. சுவர் கடைசிவரை பிளக்கவில்லை.

ஜெய்ப்பூர் காலில் கை செய்யும் ஒட்டு

மாமாவின் செயற்கைக் கால் ஜெய்ப்பூர் கால். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு முறிவு மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. இலங்கையில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 1980களிலிருந்து இந்தக் கால் பொருத்தப்படுகிறது. வெறுங்காலோடு ஈரத்தில் நடக்கலாம், குந்தி உட்காரலாம் என்பதால் வயலிலும் மலையிலும் வாழ்கிறவர்களுக்கு ஏற்றது.

அதன் பாதமும் இறப்பர்தான். ஆனால் மெசினால் தள்ளி வார்த்ததல்ல. கணுக்கால் பக்கத்துக்கு மரக்கட்டை, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சு போன்ற இறப்பர், இவற்றைச் சுற்றி டயர் நூல் பதித்த வேகாத இறப்பர்ப் பட்டைகள், வெளியே தோல் நிற இறப்பர் என்று கையால் அடுக்கி, பாத வடிவ உலோக அச்சில் பூட்டி வேகவைக்கிறார்கள். அங்கே ஒட்டுக்கோடு ஒன்றல்ல, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஓர் ஒட்டு இருக்கிறது. ஆயினும் நன்றாகச் செய்த பாதம் வருடக்கணக்கில் உழைக்கிறது. காரணம், ஒவ்வொரு முகத்தையும் சுத்தம் செய்து, இறப்பர்ப் பசை தடவி, வேகாத நிலையிலேயே அழுத்திச் சேர்த்தபின்தான் சூட்டுக்கு அனுப்புகிறார்கள். மெசினில் கண நேரத்தில் குருட்டுவாக்கில் நடக்கும் சந்திப்பு, அங்கே கண் முன்னால், கைக்கு அடியில் நடக்கிறது. பாதம் பிளந்தால் அடுக்கு உரிவது போலப் பிளக்கும். அப்போது பசை தடவிய முகத்தில் ஈரமோ தூசோ இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். வெளித்தோல் உரியத் தொடங்கினால் சைக்கிள் டியூப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு திரியாமல் பொருத்திய நிலையத்துக்கே கொண்டுபோவது நல்லது. உள்ளே மரத்துக்குத் தண்ணீர் இறங்கினால் பாதமே போய்விடும்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

ஒரு புஷ்ஷைக் கையில் எடுத்தால் முதலில் வெட்டுத் தழும்பைத் தேடுங்கள். அடியின் நடுவில் இருந்தால் நல்ல அறிகுறி. பக்கத்தில் இருந்தால், அதற்கு நேர் எதிரே சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு பெருவிரலாலும் விளிம்பை வெளிப்பக்கமாகப் புரட்டுங்கள். அங்கே மயிர்க்கோடு போலத் தெரிந்து, இழுக்க இழுக்க உதடு பிரிவது போல வாய் திறந்தால் அதை வாங்க வேண்டாம். நகத்தால் குறுக்கே கீறினால் தட்டுப்படுவதும் நல்லதல்ல. கோடு தெரிகிறது, ஆனால் புரட்டினாலும் திறக்கவில்லை என்றால் அது வெறும் தடமாகவே இருக்கலாம். கோட்டுப் பக்கத்தை முன்னாலோ பின்னாலோ திருப்பி மாட்டினால் தப்பலாமா என்று மாமா கேட்டார். குழாய் சுவரைச் சுற்றிவர ஒரே அளவில் இழுப்பதால் அந்தத் தந்திரம் உதவாது.

அளவு சரியாக இருக்க வேண்டும். 16, 19, 22, 25 மில்லிமீற்றர் என்று பல அளவில் வருகின்றன. 22 மில்லிமீற்றர்க் குழாய்க்கு 19 கிடைத்தது என்று அடித்து ஏற்றினால் நல்ல புஷ்ஷும் பிளக்கும். ஏற்றச் சிரமமாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கிறீஸ் எதுவும் வேண்டாம். இயற்கை இறப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப் பலமிழக்கும்.

நூற்றுக்கணக்கில் வாங்கி இலவசமாகப் பகிரும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பெட்டியிலிருந்து பத்துப் புஷ்களைத் தியாகம் செய்யுங்கள். ஒவ்வொன்றின் சுவரிலிருந்தும் அரை சென்றிமீற்றர் அகலத்தில் ஒரு வளையம் வெட்டி, கேட் தழும்பு இருந்த பக்கத்தைப் பேனையால் குறியுங்கள். குறியும் அதன் எதிர்ப்பக்கமும் இரண்டு கொக்கிகளுக்கும் இடையே, நீட்டமான பகுதியில் வரும்படி மாட்டி, அறும்வரை இழுங்கள். கொழுந்து நிறுக்கும் சுருள்வில் தராசு ஒன்று கிடைத்தால் எத்தனை கிலோவில் அறுகிறது என்றும் எழுதலாம். அறுந்த இடங்கள் பத்திலும் சிதறியிருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. திரும்பத் திரும்பக் குறிக்கு எதிரே அறுந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். இழுவைச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 37 என்ற தரமும், ஊன்றுகோல் புஷ்களின் உழைப்புக்கென்று ஐ.எஸ்.ஓ. 24415இன் இரண்டாம் பகுதியும் இருக்கின்றன. விலை கேட்கும் கடிதத்தில் இந்த இலக்கங்களையும், 'கேட் அடியின் நடுவில் இருக்க வேண்டும்' என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால் விற்பவர் யாரிடம் பேசுகிறோம் என்று புரிந்துகொள்வார்.

மணிக்கட்டுக் கட்டு அவிழ்த்தபின் மாமாவுக்கு நடுவில் கேட் வைத்த புஷ் நான்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டை மாட்டி, இரண்டைத் தகரடப்பாவில் வைத்தார். பிளந்த பழையவற்றையும் எறியவில்லை. தோட்டத்தில் இன்னும் இரண்டு பேர் ஊன்றுகோலோடு நடக்கிறார்கள், ஒருவர் பெரிய ரோட்டில் பஸ் மோதியவர். அவர்கள் புது புஷ் வாங்கி வந்தால் மாமா முதலில் தன் டப்பாவைத் திறந்து, பிளந்த ஒன்றையும் தழும்பையும் காட்டி, "இங்க பாத்தியா, இதுக்கு எதிர்த்தாப்புல புரட்டிப் பாரு" என்கிறார்.